எபிசோடு 37: சாயம் போகும்னு யார் சொல்றது?

ஒலிப்பதிவைக் கேட்டு எழுதி, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்திய வடிவம் இது. பதிவு செய்தது செங்கல்பட்டில், 2025 டிசம்பரில்.

இந்த பாட்காஸ்ட்டைத் தொடர்ந்து கேட்கிறவங்களுக்குத் தெரியும், திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் நான் சிறுசேரியில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறுல என்ன பண்றேன்னு இதுவரைக்கும் சொன்னதில்ல. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

எங்க பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா, அமெரிக்காவுல நியூ ஜெர்சியில இருக்காங்க. மூணு வருஷமா ஒரு சின்ன வியாபாரம் பண்றாங்க. நம்ம ஊர்க் கைத்தறித் துணி, கையால செஞ்ச நகை, இதையெல்லாம் இங்க இருந்து வரவழைச்சு அங்க விக்கிறாங்க. பெரிய கடையெல்லாம் கிடையாது. ஒரு வெப்சைட், ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், வீட்டு பேஸ்மென்ட்ல நாலு அலமாரி. அவ்வளவுதான். இந்தப் பக்கத்துக்கு ஆள் நான். நெசவாளர்கிட்டப் போய் வாங்குறது, பிரிச்சுப் பார்க்கிறது, போட்டோ எடுக்கிறது, பேக் பண்ணிப் போஸ்ட் ஆபீஸ்ல கொடுக்கிறது, எல்லாம் நான்தான்.

இதை ஒரு வெற்றிக் கதையா சொல்லப் போறதில்ல. நான் பண்ணின ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்.

வெள்ளைச் சட்டை

2024 ஜூன் மாசம். அக்காவுக்கு ஒரு வாடிக்கையாளர்கிட்ட இருந்து மெயில் வந்தது. கூடவே ஒரு போட்டோ. வெள்ளை லினன் சட்டை, அதோட தோள்பட்டையில இருந்து கழுத்து வரைக்கும் நீலமா ஒரு பட்டை. அவங்க எங்ககிட்ட வாங்கின அவுரி நீலத் துப்பட்டாவை அந்தச் சட்டை மேல போட்டுக்கிட்டு வெயில்ல நடந்திருக்காங்க. வேர்வை பட்டதும் சாயம் ஒட்டிக்கிச்சு. "உங்க பொருள் குறையுள்ளது, பணத்தைத் திருப்பிக் கொடுங்க, சட்டைக்கும் சேர்த்து"ன்னு எழுதியிருந்தாங்க.

அக்கா பணத்தைக் கொடுத்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரியே எனக்கு வீடியோ கால். "டேய், அந்தச் சாயக்காரர்கிட்டப் போய்க் கேளு. சாயம் ஒழுங்கா ஏறல. அடுத்த தடவை கொடுக்கிற பணத்துல பிடிச்சுக்கலாம்"னாங்க.

எனக்கும் அது நியாயமாத்தான் பட்டது. எங்க வேலையில கிட் பிளேம்னு ஒரு கமாண்ட் உண்டு. ஒரு கோட்ல எந்த வரியை யார் எழுதினாங்க, எப்ப எழுதினாங்கன்னு பேரோட காட்டும். எங்கயாவது உடைஞ்சா முதல்ல அதைத்தான் அடிப்போம். அதே மனசோட அந்த ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கிட்டு மதுராந்தகம் தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன்.

அவருக்கு அறுபது வயசு இருக்கும். வீட்டுக்குப் பின்னாடி கொட்டகையில சாயத் தொட்டி. நான் போட்டோவைக் காட்டினேன். நல்லா உத்துப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரல. "தம்பி, உங்களுக்கு அன்னைக்கே வாய்ஸ் மெசேஜ் போட்டேனே, கேக்கலையா?"ன்னு மட்டும் கேட்டார்.

அங்கேயே நின்னுக்கிட்டு வாட்ஸ்அப்பைத் திறந்து தேடினேன். ஏப்ரல்ல வந்த மெசேஜ். ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஓடுது. முதல் அரை நிமிஷம் எத்தனை பீஸ், எப்ப வந்து எடுத்துக்கலாம்னு சொல்றார். அதோட நிறுத்திட்டு நான் ஒரு தம்ப்ஸ் அப் போட்டிருக்கேன். மிச்சத்தைக் கேக்கவே இல்ல. அந்த மிச்சத்துல அவர் சொல்றது இதுதான்: "புதுசுல கொஞ்சம் உதிரும். தனியா, பச்சைத் தண்ணியில, சோப்பு போடாம மூணு தடவை அலசச் சொல்லுங்க. அதுவரைக்கும் வெள்ளைத் துணி மேல போட வேணாம்னு சொல்லுங்க. அப்புறம் ஒண்ணும் ஆகாது."

பிளேம் அடிச்சுப் பார்த்தா வந்தது என் பேர்தான்.

அவுரி ஏன் உதிருது?

இதைக் கொஞ்சம் விளக்கிடறேன், ஏன்னா நானும் அப்பறம்தான் கத்துக்கிட்டேன். செங்கல்பட்டு மாவட்டத்தைத் தாண்டித் தெற்கே போனா, திண்டிவனம் பக்கம் அவுரிச் செடி பயிராகுது. இலையைத் தொட்டியில ஊற வைச்சு, புளிக்க விட்டு, அந்தத் தண்ணியை அடிச்சுக் கலக்கினா காத்துப் பட்டு நீலம் அடியில தங்கும். அதை வடிகட்டிக் கட்டியா காய வைப்பாங்க.

அந்த நீலக்கட்டி தண்ணியில கரையாது. அதுதான் விஷயமே. கரையாத பொருள் எப்படி நூலுக்குள்ள போகும்? சாயத் தொட்டியில மறுபடியும் புளிக்க வைக்கிறாங்க. அப்ப அது கரையுற மாதிரி மாறும், நிறமும் மஞ்சள் பச்சையா இருக்கும். துணியை முக்கி வெளிய எடுத்தா பச்சையா வரும், நம்ம கண்ணு முன்னாடியே காத்துப் பட்டு நீலமா மாறும். மறுபடி முக்கணும், மறுபடி காத்துல பிடிக்கணும். ஆழமான நீலம் வேணும்னா அத்தனை தடவை முக்கணும். இப்படி அடுக்கடுக்கா ஏறுறதால கடைசி அடுக்கு நூலோட மேல்பரப்புல தூள் மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்தத் தூள்தான் புதுசுல உதிருது. உள்ள போனது போகாது. நாம போடுற ஜீன்ஸும் அவுரி நீலம்தான், அது இப்பல்லாம் பெரும்பாலும் ஆலையில செஞ்ச சிந்தெடிக் அவுரி. புது ஜீன்ஸ் போட்டுக்கிட்டு வெள்ளை சோபாவுல உட்கார்ந்தவங்களுக்கு இந்தக் கதை தெரிஞ்சிருக்கும்.

ஆக, துணியில குறை கிடையாது. அதைப் பத்தின விவரம் வழியில தொலைஞ்சு போச்சு. தொலைச்சது நான். விவரம் இல்லாம போய்ச் சேர்ந்ததால நல்ல துணி அங்க குறையுள்ள பொருளா ஆயிடுச்சு.

பத்தாயிரம் கஜம்

வீட்டுக்கு வந்து இதைப் பத்திப் படிக்கப் படிக்க, இதே தப்பை இன்னொருத்தர் 1958-லயே ரொம்பப் பெரிய அளவுல பண்ணியிருக்கார்னு தெரிஞ்சது.

மெட்ராஸ் துணின்னு உலகம் பூரா ஒரு பேர் உண்டு. கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தி. அந்தத் துணியை ஏற்றுமதி பண்ணினவங்கள்ல ஒருத்தர் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர். பின்னாடி லீலா ஹோட்டல்களை ஆரம்பிச்சாரே, அவரேதான். 1958-ல வில்லியம் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க இறக்குமதியாளர் அவர்கிட்ட வந்து, கஜம் ஒரு டாலர்னு விலை பேசி வாங்கினார். தாவரச் சாயமும் நல்லெண்ணெயும் கலந்த வாசனை தூக்கலா அடிக்கிற துணியாம் அது. குளிர்ந்த தண்ணியில மெதுவாத் துவைக்கணும், இல்லன்னா சாயம் போகும்னு நாயர் தெளிவா சொல்லித்தான் கொடுத்திருக்கார். ஜேக்கப்சன் பத்தாயிரம் கஜத்தை நியூயார்க்ல ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கம்பெனிக்கு வித்தார். அந்த எச்சரிக்கை மட்டும் துணியோட போய்ச் சேரல.

என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கலாம். சட்டையா தைச்சு வித்தாங்க. வாங்கினவங்க வாஷிங் மெஷின்ல போட்டாங்க. சிவப்பு மஞ்சள்ல ஓடி, மஞ்சள் நீலத்துல ஓடி, துணி வெளுத்துப் போய் வந்தது. வாங்கினவங்க கொதிச்சுப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். டேவிட் ஓகில்வி, விளம்பர உலகத்துல பெரிய பேர், அவர் இதைத் தலைகீழாத் திருப்பினார்னு சொல்றாங்க. "சாயம் போகும், அதுக்கு நாங்க உத்தரவாதம்"கிற பொருள்ல ஒரு வாசகம். ஒவ்வொரு துவையலுக்கும் நிறம் ஒண்ணோட ஒண்ணு கலந்து உங்க சட்டை உங்களுக்கு மட்டும்னு ஆகும், இதைப் போல இன்னொண்ணு கிடையாதுன்னு வித்தாங்க. குறைன்னு திருப்பி அனுப்பின அதே துணியை ஜனங்க தேடிப் போய் வாங்கினாங்க.

துணி மாறல. தறி மாறல, சாயம் மாறல. கூட ஒரு வரி போனது, அவ்வளவுதான். அமெரிக்காவுல உடைகளுக்குத் துவைக்கிற முறையைத் தைச்சு அனுப்பணும்கிற விதி 1972-லதான் நடைமுறைக்கு வந்தது. துப்பட்டாவுக்கு அந்த விதி பொருந்துமா இல்லையான்னு ஆராய்ச்சி பண்றதை விட ஒரு சீட்டு எழுதி வைக்கிறது சுலபம்னு நாங்க முடிவு பண்ணினோம்.

இங்க ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். இந்த ஓகில்வி கதையைக் கேட்டுட்டு, எல்லாக் குறையையும் "கையால செஞ்சது அப்படித்தான் இருக்கும்"னு சொல்லி வித்துடலாம்னு நினைக்கக் கூடாது. அதை எனக்கு சொன்னவர் எங்க நெசவாளர். நூல் அறுந்து முடிச்சுப் போட்ட இடம் சின்னதா தெரிஞ்சா அது தறியோட இயல்பு. ஆனா ஊடை ஒரு இழை விட்டுப் போய்க் குறுக்கால கோடு விழுந்தா அது குறை. அந்தப் பீஸை அவரே தனியா எடுத்து வைச்சுடுவார். "இதை நல்லதுன்னு சொல்லி விக்காதீங்க, எனக்குத்தான் அசிங்கம்"பார். எது இயல்பு, எது குறைன்னு பிரிச்சு சொல்லத் தெரிஞ்சவர் அவர். அதைக் கேட்டு அப்படியே அந்தப் பக்கம் கொண்டு போய்ச் சேர்க்கிறதுதான் என் வேலை.

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை

மாமல்லபுரத்துல இருந்து தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி, சதுரங்கப்பட்டினம்னு ஒரு ஊர் இருக்கு. வெள்ளைக்காரங்க வாயில அது சட்ராஸ் ஆயிடுச்சு. நம்மள்ல பல பேர் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர்னு மட்டும்தான் தெரிஞ்சு வைச்சிருப்போம். கடலை ஒட்டி டச்சுக்காரங்க கட்டின செங்கல் கோட்டை இருக்கு. உள்ள பழைய கிடங்குகள், டச்சு மொழியில எழுத்தும் சித்திரமும் செதுக்கின கல்லறைகள். தொல்லியல் துறை பராமரிக்குது. வடக்கே பழவேற்காட்டுலயும் அவங்களுக்கு ஒரு கோட்டை இருந்தது. ரெண்டுக்கும் பெரிய காரணம் ஒண்ணுதான், துணி.

1602-ல ஆரம்பிச்ச டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியது இந்தோனேசியத் தீவுகள்ல விளையுற கிராம்பு, ஜாதிக்காய், மிளகு. அதுக்குப் பதிலா அந்தத் தீவு மக்கள் விரும்பிக் கேட்டது சோழமண்டலக் கடற்கரைப் பருத்தித் துணி. அதனால இங்க துணி வாங்கி, அங்க கொடுத்து, மசாலா வாங்கினாங்க. ஒவ்வொரு சந்தைக்கும் ஒவ்வொரு ரசனை. ஒரு தீவுல விக்கிற நிறம் இன்னொரு தீவுல விக்காது. அகலம், கரை, கட்டம், எல்லாமே மாறும். அதனால அங்க இருந்து மாதிரித் துண்டுகள் வரும், அதைப் பார்த்து இங்க நெய்வாங்க. கம்பெனி உள்ளூர் வியாபாரிக்கு முன்பணம் கொடுக்கும், வியாபாரி நெசவாளருக்குக் கொடுப்பார். நெய்து வந்த துணியை மாதிரியோட ஒப்பிட்டுத் தரம் பிரிப்பாங்க. தேறாததைத் தள்ளிடுவாங்க, இல்லன்னா விலையைக் குறைப்பாங்க.

போன மாசம் அந்தக் கோட்டைக்குள்ள நின்னப்ப எனக்கு மதுராந்தகத்துக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தருக்குப் பிடிக்கல, உடனே இந்தப் பக்கம் நெய்றவர் கூலியில கை வைக்கிறோம். அக்கா சொன்னது அதுதான், நான் கேக்கப் போனதும் அதுதான். நடுவுல இருக்கிறவன் என்ன பண்ணினான்னு யாரும் கேக்கல.

சரி, சாயக்காரர் பணத்துல எதுவும் பிடிக்கல. அந்தச் சட்டைக் காசு என் பங்குல போச்சு.

சங்கு, சிப்பி, கம்மல்

நகை விஷயத்துக்கு வர்றேன். மாமல்லபுரம் போனவங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க, கடற்கரைக் கோயிலுக்குப் போற வழியில வரிசையா கடை. சங்கு மாலை, சிப்பிக் கம்மல், பவளம்னு சொல்லி விக்கிற மாலை. அக்காவுக்கு அந்த சிப்பி நகை மேல ரொம்ப ஆசை. "அங்க நல்லாப் போகும்டா, லேசா இருக்கு, பார்சல் செலவும் கம்மி"ன்னாங்க.

வாங்கப் போன இடத்துல ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணா, இது எந்த சிப்பி?" அவர் சிரிச்சார். "கடல் சிப்பிதான், வேற என்ன?" அவர் மேல தப்பு சொல்ல முடியாது. மொத்தமா எங்க இருந்தோ வருது, அவர் விக்கிறார். ஆனா 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல, பவளப்பாறை உயிர்களையும் சில சங்கு, சிப்பி இனங்களையும் 2001-ல சேர்த்தாங்க. அந்த இனங்களை எடுக்கிறது, விக்கிறது, அனுப்புறது எல்லாமே குற்றம். அமெரிக்கப் பக்கத்துலயும் சிப்பி வனவிலங்குப் பொருள் கணக்குலதான் வருது, எந்த இனம்னு பேர் எழுதிக் கொடுக்கணும். பேர் தெரியாத ஒரு பொருளுக்கு நான் என்னன்னு எழுதுறது? வாங்காம வந்துட்டேன். அக்காவுக்கு ஒரு வாரம் கோபம்.

அடுத்தது கோயில் நகைன்னு சொல்ற ரகம். பித்தளை மேல தங்க முலாம் பூசி, சிவப்பு, பச்சைக் கல் பதிச்சது. பரதநாட்டியம் ஆடுற பொண்ணுங்க அங்க நிறைய வாங்குறாங்க. ஒரு அம்மா கேட்டு எழுதினாங்க, "என் பொண்ணுக்கு நிக்கல் அலர்ஜி. இதுல நிக்கல் இருக்கா?" அக்கா வழக்கம்போல, "இருக்காதுன்னு நினைக்கிறேன்"னு பதில் எழுதப் போனாங்க. நான் நிறுத்தச் சொல்லிட்டு, செய்யுறவருக்குப் போன் பண்ணினேன். "பித்தளை மேல நேரா தங்கம் பூசினா பளபளப்பு நிக்காது தம்பி, நடுவுல நிக்கல் பூச்சு ஒண்ணு கொடுப்போம்"னார். மறைக்கணும்னு அவருக்கு எண்ணமே இல்ல. அதுவரைக்கும் யாரும் கேக்கல, அவ்வளவுதான். ஐரோப்பாவுல தோல்ல படுற நகையில இருந்து எவ்வளவு நிக்கல் கசியலாம்னு 1994-லயே சட்டம் போட்டுட்டாங்க. அங்க விக்கிறவங்களுக்கு இது கட்டாயம் தெரிஞ்சிருக்கணும்.

இப்ப எங்க பக்கத்துல அந்தக் கம்மலுக்குக் கீழ "நிக்கல் பூச்சு உண்டு"ன்னு எழுதியிருக்கு. விற்பனை குறைஞ்சுதான் போச்சு, பொய் சொல்லல. ஆனா அந்தப் பொண்ணோட அம்மா வெள்ளியில ஒரு ஜோடி கேட்டு வாங்கினாங்க.

தீபாவளிக்கு முன்னாடி நின்ன பார்சல்

இப்ப இந்த வருஷத்துக் கதை. வெளிநாட்டுல இந்த மாதிரி சின்ன வியாபாரம் பண்ற யாரைக் கேட்டாலும் 2025 ஆகஸ்ட்டை மறக்க மாட்டாங்க.

அதுவரைக்கும் அமெரிக்காவுக்குள்ள 800 டாலர் மதிப்பு வரைக்கும் வர்ற பார்சலுக்கு சுங்கவரி கிடையாது. அக்கா மாதிரி ஆளுங்களோட வியாபாரமே அந்த ஒரு விதி மேலதான் நின்னுக்கிட்டிருந்தது. ஆகஸ்ட் 29-ல இருந்து அந்தச் சலுகையை எல்லா நாட்டுக்கும் எடுத்துட்டாங்க. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இந்தியப் பொருட்கள் மேல கூடுதல் வரி 50 சதவீதமா ஏறுச்சு. வரியை யார் வசூலிக்கிறது, எப்படிக் கட்டுறதுன்னு தெளிவு இல்லாததால நம்ம இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25-ல இருந்து அமெரிக்காவுக்குப் பார்சல் வாங்குறதை நிறுத்தி வைச்சது. மறுபடி அக்டோபர் 15-லதான் ஆரம்பிச்சது. தீபாவளி அக்டோபர் 20. புரியுதுல்ல?

எங்க வீட்டுல நாப்பது துப்பட்டா மூட்டையா கிடந்தது. தீபாவளிக்குன்னு ஜூன்லயே சொல்லி நெய்து, சாயம் ஏத்தி வந்தது. தனியார் கூரியர்ல கேட்டா செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகல.

கணக்கு சொல்றேன். ஒரு துப்பட்டாவுக்கு நெசவு, சாயம் எல்லாம் சேர்த்து இங்க நாங்க கொடுக்கிறது 1,600 ரூபாய் சுமார். தோராயமா 18 டாலர். அங்க விலை 55 டாலர். கேட்டதும் "அடேங்கப்பா, மூணு மடங்கு"ன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. பார்சல் செலவுல இதோட பங்கு 6 டாலர், வெப்சைட்டுக்கும் கார்டுக்கும் 4 டாலர், பேக்கிங் 2 டாலர். மிச்சம் 25. அதுலதான் திரும்பி வர்ற பொருள், விக்காம தங்குற பொருள், அக்காவோட நேரம், என் பெட்ரோல் எல்லாம். அப்ப 18 டாலர் மேல 50 சதவீதம்னா 9 டாலர் வரி ஆச்சு. 25-ல 9 போனா 16. விலையை ஏத்தலாம், இல்ல லாபத்தைக் குறைக்கலாம், இல்ல இங்க கொடுக்கிறதைக் குறைக்கலாம்.

மூணாவது வழி எப்பவுமே ரொம்ப சுலபமா தெரியும். ஏன்னா அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு மெயில் எழுதத் தெரியாது, ரிவ்யூ போடத் தெரியாது. அக்கா அதைச் சொல்லவும் சொன்னாங்க, அழுதுக்கிட்டே சொன்னாங்க. "நாப்பது பீஸுக்கும் இப்பப் பணம் கொடுத்தா நான் எங்கடா போறது?" அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன். ரெண்டு பசங்க, வேற வேலையை விட்டுட்டு ஆரம்பிச்சது.

அன்னைக்கு நாங்க பண்ணினது ரெண்டு விஷயம். ஒண்ணு, நெசவாளர்கிட்டயும் சாயக்காரர்கிட்டயும் நேராப் போய் நிலைமையை அப்படியே சொன்னேன். என்ன விதி, என்ன தேதி, எவ்வளவு வரின்னு. பாதிப் பணம் உடனே, பாதி நவம்பர்லன்னு பேசினோம். விலையில கை வைக்கல. ரெண்டாவது, அக்கா வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டாங்க. துணி தயாரா இருக்கு, ஏன் வரலன்னு இதுதான் காரணம், வரி இவ்வளவு, அதனால இனிமே விலை 62 டாலர், முன்பதிவு பண்ணினா கிடைச்சதும் அனுப்புறேன்னு. மறைக்காம, கணக்கோட.

நாப்பதுல இருபத்து மூணு முன்பதிவு ஆச்சு. முழுசா ஆகல. மிச்சம் பதினேழு இப்பதான் ஒவ்வொண்ணா போகுது. அந்த இருபத்து மூணுல ஒண்ணு யார் வாங்கினாங்க தெரியுமா? வெள்ளைச் சட்டைக்காரங்க. அவங்களுக்கு 2024-லயே அக்கா முழுக் கதையையும் எழுதி, மன்னிப்பு கேட்டு, அலசுற முறையையும் அனுப்பியிருந்தாங்க. "இந்தத் தடவை கறுப்புச் சட்டை மேல போட்டுக்கிறேன்"னு ஒரு வரி எழுதியிருந்தாங்க.

நீங்க ஆரம்பிக்கிறதா இருந்தா

இதைக் கேட்டுட்டு யாராவது ஆரம்பிக்கணும்னு நினைச்சா, சில விஷயம் சொல்றேன். ஏற்றுமதி பண்ண ஐஈசின்னு ஒரு பத்து இலக்க எண் வேணும். பான் கார்டை வைச்சு ஆன்லைன்லயே வாங்கலாம், கட்டணம் 500 ரூபாய். வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள அந்த விவரத்தைச் சரிபார்த்து உறுதி செய்யணும், மறந்தா முடங்கிப் போகும். போஸ்ட் ஆபீஸ் வழியா சின்ன ஏற்றுமதி பண்றவங்களுக்காக 2022-ல இருந்து அஞ்சல் துறை தனி மையங்கள் நடத்துது, உங்க பக்கத்துல எதுன்னு விசாரிச்சுக்கோங்க. ஜிஎஸ்டிக்கு ஒரு ஆடிட்டரைப் பாருங்க, யூடியூபைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

இதெல்லாம் ஒரு வாரத்துல முடிஞ்சுடும். முடியாத வேலை வேற. நாங்க இப்ப ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு வைக்கிறோம். என்ன நூல், எந்தத் தறி, என்ன சாயம், எப்படித் துவைக்கணும், எது இயல்பு, எது குறை. எழுதினதும் செஞ்சவருக்குப் படிச்சுக் காட்டுறேன். அவர் சரின்னு சொன்னப்புறம்தான் இங்கிலீஷ்ல போகுது. சுங்கத்துக்கு எழுதுற படிவத்துலயும் வெறுமனே "துணி"ன்னு எழுதுறதில்ல. நூறு சதவீதம் பருத்தி, கைத்தறி, இந்தியாவில் நெய்ததுன்னு முழுசா. டாக்குமென்டேஷன் இல்லாத கோடைக் கையில கொடுத்தா நாம எப்படித் திட்டுவோம்? அதே தப்பைத்தான் நான் துணியில பண்ணிக்கிட்டிருந்தேன்.

வாய்ஸ் மெசேஜையும் இப்பல்லாம் கடைசி வரைக்கும் கேக்குறேன். அவருக்கும் அது தெரியும். போன வாரம் வந்தது நாலு நிமிஷம். மூணு நிமிஷம் வேலை விஷயம், கடைசி ஒரு நிமிஷம் அவர் பேத்தி காலேஜ்ல எந்தக் கோர்ஸ் எடுக்கலாம்னு கேட்டிருக்கார். இந்த ஞாயிறு போய் உட்கார்ந்து பேசணும்.

உங்க வீட்டுல யாராவது இந்த மாதிரி வியாபாரம் பண்ணினா, இல்ல நெசவு, சாயம், நகை வேலையில இருந்தா, உங்க அனுபவத்தை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல வழக்கம்போல நம்ம வேலை விஷயத்துக்குத் திரும்பி வருவோம்.